உன் அப்பாவை நீ அடக்கம் செய்த விதம்

தம்பி,

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உனக்குப் போன் போட்டேன். மசக்கையில் ஸ்டெல்லாவுக்கு வந்த வாந்தி நின்றதா, ஓசூரில் குளிர் ஆரம்பித்துவிட்டதா என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம். கல்லறைத் திருநாளுக்கு வருவாய்தானே என்று நான் கேட்டேன். "அப்பா கேட்டுக்கினது ஒண்ணே ஒண்ணு. அதயே நான் செய்யல. எந்த மூஞ்ச வெச்சிக்கினு அங்க வந்து நிக்கறது?" என்றாய். அடுப்பில் சோறு வழிகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிப் போனை வைத்தேன். அன்றிலிருந்து மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டேதான் இருக்கிறேன். பால்வாடியில் பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைக்கும்போதும், தண்ணீர்க் குடத்தோடு நடந்து வரும்போதும் அதே பேச்சுதான். போனில் சொன்னால் பாதியில் அழுகை வந்து கெடுத்துவிடும். அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. ஸ்டெல்லாவுக்கும் படித்துக் காட்டு, அவளுக்குச் சொல்ல வேண்டியதும் இதில் இருக்கிறது.

உன் அப்பா ஏன் அப்படி ஒரு மனிதராக ஆனார் என்பது உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அப்போது தவழ்வதை விட்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். ஏரிக்குக் கீழே நிலக்காரர் வயலில் அப்பாவுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க அடிப்பார். சாயங்காலம் எல்லோரையும் போல அதை நம் வீட்டுப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் கழுவுவார். ஒரு நாள் அப்படிக் கழுவிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் நாம் வளர்த்த வாத்துகள் எல்லாம் கழுத்தைத் தண்ணீரில் போட்டபடி மிதந்தன. நான் தினமும் உன்னைக் குளிப்பாட்டுவது அதே வாய்க்காலில்தான். முந்தின நாள் உனக்குக் காய்ச்சல் என்பதால் தூக்கிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. உன்னை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நீ இறங்க அழுதாய், அவர் விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அப்போதிருந்த சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லையாம். பிழைப்புக்குச் செய்கிற வேலை எப்படிப் பாவமாகும், இது எந்தக் கட்டளைக்குக் கீழே வருகிறது என்று கேட்டிருக்கிறார். "கொலை செய்யாதேன்னு ஒண்ணு இருக்குதே சாமி, அதுல வரும்" என்று அப்பா சொன்னாராம். வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இனிமேல் மருந்து டேங்கைத் தொடமாட்டேன் என்று நிலக்காரரிடம் போய்ச் சொன்னார். அப்படியானால் களை எடுக்கவும், நாற்று நடவும் உன் பொண்டாட்டியும் வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அப்பா விடியக்காலை பஸ் பிடித்து மதகடிப்பட்டுக்கு மூட்டை தூக்கப் போனார், நான் பால்வாடியில் உதவியாளாகச் சேர்ந்தேன். நீ வளர்ந்த வீட்டின் கதை இங்கேதான் ஆரம்பித்தது.

மற்றதெல்லாம் நீ பார்த்ததுதான். மணப்பட்டில் மீன் வாங்கப் போனால் தூக்குவாளி எடுத்துக்கொண்டு போவார், பிளாஸ்டிக் பையில் வாங்கமாட்டார். தவக்காலம் வந்தால் கறி விடுவதோடு நிற்காமல், இந்த வருசம் இன்னொன்றையும் விடுவோம் என்று எதையாவது சொல்வார். ஒரு வருசம் ஷாம்பு பாக்கெட், ஒரு வருசம் கடையில் வாங்குகிற தண்ணீர் பாட்டில். விட்டதைப் பாஸ்கா திருநாள் வந்த பிறகும் திரும்பத் தொடவிடமாட்டார். நாம் தூர எறிகிறோம் என்று நினைப்பதெல்லாம் ஆண்டவர் தோட்டத்துக்குள்தான் விழுகிறது, அவருக்கு வெளியில் இடம் ஏது என்பார். சாயங்காலச் செபத்தின் கடைசியில் ஏரிக்கும் வயலுக்கும் வேண்டிக்கொள்வார். நீ சின்னப் பிள்ளையில் "தவளைக்கும்" என்று சேர்த்துச் சொல்வாய். அவர் கண்ணை மூடிக்கொண்டே "தவளைக்கும்" என்று திருப்பிச் சொல்வார்.

இதில் எனக்கும் ஒரு குறை உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். கொள்கை அவருடையது, கை என்னுடையது. சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்ததும், துணிப்பை தைத்ததும், பழந்துணியைத் துவைத்துத் துவைத்துப் போட்டதும் நான்தான். ஒரு நாள் இடுப்பு விட்டுப்போய் உட்கார்ந்துவிட்டேன். "பூமிக்குப் பாரம் கொறையுது, எனக்கு ஏறுது" என்றேன். அவர் எழுந்து துணி வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். பெண்கள் நிற்கிற இடத்தில் ஒரு ஆண் உட்கார்ந்து துவைப்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவர் நோயில் விழுகிற வரைக்கும் அந்த வேலை அவருடையதாகவே இருந்தது. சொன்னால் கேட்டுக்கொள்கிற மனிதர்தான். ஆனால் சொல்ல வேண்டியிருந்தது.

உன்னிடமும் அப்படித்தான் ஆனது. நீ பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த வருசம், தேர்த் திருவிழா. தேர் பெரிய தெருவைச் சுற்றி வரும்போது, குடித்துப் போட்ட கப்புகளையும் பாக்கெட் தண்ணீர் உறைகளையும் பொறுக்கியபடி அப்பா தேருக்குப் பின்னால் ஒரு கோணியோடு வந்தார். நீ சிநேகிதர்களோடு தேர்க் கயிறு பிடித்திருந்தாய். கடையோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற நிலக்காரர் மகன், எந்தக் கோயிலுக்குப் போய் எத்தனை படித்தாலும் கை பழகின வேலை இவர்களை விடாது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். உன் காதில் விழுகிற அளவுக்கு மெதுவாக.

நீ கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாய். அப்பா வந்ததும் வாசலிலேயே நிறுத்தி அதைச் சொன்னாய். அவர் கோணியைக் கீழே வைத்தார். ஆண்டவரே சீடர்களுடைய காலைக் கழுவினார், அதுவும் வேலைக்காரன் செய்கிற வேலைதான் என்றார். அதற்கு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அவரு ஆண்டவருப்பா. அவரு கழுவினா அது பெருமை. நாம கழுவினா, அதான் உங்க தொழிலாச்சேன்னு சொல்லுவாங்க."

உன் அப்பா எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசியவர், அன்றைக்கு உனக்குப் பதில் சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "அவன் சொன்னது நெசம். மண்ணு படற பாட்டைப் பாத்தேன், என் புள்ள படற பாட்டைப் பாக்கல" என்று என்னிடம் சொன்னார். இதை உன்னிடம் சொல்லும்படி எவ்வளவோ கேட்டேன். சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் மறுவாரமே சாமியாரைப் போய்ப் பார்த்தார். திருவிழாக் குப்பை எல்லார் குப்பையும்தான், வசதியான வீடு, கூலிக்காரன் வீடு என்று பார்க்காமல் முறை வைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் நான் இனி எடுக்கமாட்டேன் என்றார். அடுத்த வருசம் மாடிவீட்டுக்காரர்களும் கோணி பிடித்தார்கள். அதற்குள் நீ வேலைக்கென்று ஓசூர் போய்விட்டாய். நீ சொன்ன ஒரு வார்த்தையால்தான் அது நடந்தது என்பது இன்றைக்குத்தான் உனக்குத் தெரிகிறது.

அப்புறம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். நீ விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் வந்து நின்றாய், ஸ்டெல்லா அவர் காலைப் பிடித்துவிட்டாள். கடைசியாக நீ வந்திருந்தபோது அவர் உன்னிடம் கேட்டுக்கொண்டதை நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். துவைத்த வேட்டி போதும், சாதாரணப் பலகைப் பெட்டி போதும், நம் வீட்டுப் பூ போதும், பிளாஸ்டிக் வளையம், பேனர், வெடி எதுவும் வேண்டாம், என்னைப் போடுகிற மண் என்னால் கெடக் கூடாது என்றார். நீ "சரிப்பா" என்று தலையாட்டினாய்.

அவர் போன அன்று அவர் சொன்னபடியே நாங்கள் செய்திருந்தோம். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, பாயில் கிடத்தி, கையில் செபமாலையைச் சுற்றி, நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து வைத்திருந்தோம். நீ மத்தியானம் வந்து சேர்ந்தாய். வாசற்படியில் நின்று பார்த்தவன், உள்ளே வராமல் கத்தினாய். "எங்கப்பன இன்னா இப்பிடிப் போட்டு வெச்சிருக்கீங்க?" உன் மாமா உன் தோளைப் பிடித்து, அப்பா கேட்டுக்கொண்டது இதுதானே என்று நினைவுபடுத்தினார். நீ அவர் கையைத் தள்ளிவிட்டாய். இருந்த வரைக்கும் அவர் விருப்பப்படிதான் இருந்தார், இன்றைக்கு ஒரு நாள் ஊர் அவரைத் தலைநிமிர்ந்து பார்க்கட்டும் என்றாய். பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். கண்ணாடிப் பெட்டி வந்தது. பளபளவென்று சவப்பெட்டி வந்தது. தெர்மாகோலில் பிளாஸ்டிக் பூ குத்திய வளையங்கள் ஆட்டோவில் வந்து இறங்கின. பஸ் நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்கு மேல் அவர் முகம் போட்ட பேனர். கல்லறைத் தோட்டம் வரைக்கும் வெடிச் சத்தம்.

நான் ஏன் தடுக்கவில்லை என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உன்னைப் பார்த்தபோது தேர்க் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்த பையன்தான் எனக்குத் தெரிந்தான். இன்னொன்றும் உண்டு. ஊர்வலம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டியபோது நிலக்காரர் வீட்டு ஆட்கள் எழுந்து நின்று, அண்ணாந்து அந்தப் பேனரைப் பார்த்தார்கள். நம் தெரு ஆளுடைய முகம் ஒன்றை அந்த இடத்தில் அவர்கள் அண்ணாந்து பார்த்தது அதுதான் முதல் முறை. அவ்வளவு துக்கத்திலும் எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி வந்துபோனது. உன் அப்பாவுக்கு இது பிடிக்காது என்று தெரிந்தே வந்த குளிர்ச்சி.

நீ ஊருக்குப் போனதும் மழை பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டத்துத் தண்ணீர் வடிந்து வாய்க்காலில்தான் சேரும். வளையங்கள் ஊறி உடைந்து, வெள்ளை வெள்ளையாகத் தெர்மாகோல் மணிகள் வாய்க்கால் நெடுக மிதந்தன, நாற்றங்காலில் போய் ஒட்டிக்கொண்டன. நான் முறத்தை எடுத்துக்கொண்டு போய் அள்ளினேன். அள்ள அள்ள விரலிடுக்கில் நழுவியது. வரப்பில் உட்கார்ந்து அன்றைக்குத்தான், அவர் போனதற்கு நான் வாய்விட்டு அழுதேன். பேனரை யாரோ அவிழ்த்துக்கொண்டு போய் வைக்கோல் போருக்குப் போர்த்தியிருந்தார்கள். உன் அப்பாவின் முகம் மழையில் நனைந்துகொண்டு, வைக்கோலை நனையவிடாமல் காத்தது. பார்த்திருந்தால் அவர் சிரித்திருப்பார். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

இப்போதிருக்கிற சாமியார் போன மாதம் பங்குப் பேரவையைக் கூட்டி, கல்லறைத் திருநாளுக்கும் இனி வருகிற அடக்கங்களுக்கும் பிளாஸ்டிக் வளையம் கூடாது என்று பேசினார். பின்னாலிருந்து ஒருத்தர், போன வருசம் அதிகமாகக் குப்பை சேர்ந்ததே சூழலைப் பற்றிப் பேசின வீட்டு அடக்கத்தில்தான் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் மாமா தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் எழுந்து பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். எப்படியோ எழுந்துவிட்டேன்.

"ஆமா, எங்க வூட்ல செஞ்சதுதான். எங்கப்பாரு செத்தப்ப பெட்டி கெடையாது, பூவும் கெடையாது. அத யாரும் எளிமைன்னு சொல்லல. அதுக்குப் பேரு இல்லாமை. என் வூட்டுக்காரரு எல்லாத்தயும் வேணும்னே உட்டாரு, அதுதான் எளிமை. ரெண்டும் வெளிய பாக்கறவங்களுக்கு ஒரே மாரி தெரியுது. எங்கப்பன் இல்லாதவன் இல்லடான்னு என் புள்ள ஊருக்குக் காட்டினான். காட்டின விதம் தப்பு. காட்டணும்னு நெனச்சது தப்பில்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம் உன் மாமா எழுந்தார். வளையம் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஏழைக்குத்தான் அவமானம், அதனால் கோயிலிலேயே சவம் வைத்துத் தூக்க ஒரு நல்ல மரத்தேரும், பூவேலை செய்த துணியும் வைத்துக்கொள்வோம், யார் செத்தாலும் அதே தேர், அதே துணி, அதே மணி, ஊர் முழுக்க நடந்து வரட்டும் என்றார். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். முதலில் அதில் போனது நம் தெருவில் தனியாகக் கிடந்த ஒரு கூலிக்காரக் கிழவி. மாடிவீட்டுப் பிள்ளைகள் தூக்கினார்கள். கல்லறை போய்ச் சேருகிற வரைக்கும் கோயில் மணி நிற்கவில்லை. வாய்க்காலில் சாமந்தியைத் தவிர ஒன்றும் போகவில்லை. நீ இதைப் பார்த்திருக்க வேண்டும் தம்பி. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்று உன் அப்பாவுக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. அவர் இல்லாமல் போன பிறகு தெரிந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

நீ சொல்லை மீறினாயா என்றால், மீறினாய். நான் இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆனால் அன்பில்லாமல் மீறவில்லை. அதை ஆண்டவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, உன் அப்பாவுக்கும் வேண்டியதில்லை. எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. அந்த மழை நாட்களில் இருந்தது. இப்போது தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று ஸ்டெல்லா கேட்டாள். துணி அணையாடை நல்லதுதான். ஆனால் அதைத் துவைக்கப்போவது நீ என்றால் மட்டும் அவளிடம் அந்தப் பேச்சை எடு. ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களுக்கு எவர்சில்வர் தட்டில் வயிறு நிறையப் போடு, யாரையும் குறைவாக நினைக்க வைக்காதே. வேண்டாதது வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள், உள்ளே வந்த மனிதரிடம் அதைச் சொல்லிக் காட்டாதே. பிள்ளை கேட்கிற எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லாதே. சொல்ல வேண்டியதற்கு உட்கார வைத்துக் காரணம் சொல். அப்பாவுக்குச் செய்யாததை ஈடுகட்டுகிறேன் என்று எதையும் செய்யாதே. தண்டனைபோல் நடக்கிற வீட்டைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும், வளர்ந்ததும் விட்டு ஓடிவிடும். மண்ணும் தண்ணீரும் ஆண்டவர் கொடுத்தது, அதில் நாம் சந்தோசமாக இருக்கத்தான் கொடுத்தார். உன் அப்பா கடைசிக் காலத்தில் சிரித்தது குறைந்துபோனது. அது அவர் நோயினால் மட்டுமில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். நீ சிரித்துக்கொண்டு செய்.

எனக்கும் வயசாகிறது. முட்டி வலிக்கிறது, முறம் பிடித்தால் விரல் மடங்குவதில்லை. என்னை இப்படித்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று உன்னிடம் எதையும் கேட்டு வைக்கமாட்டேன். ஒரு பிள்ளையின் தலையில் அப்படி ஒரு பாரத்தை இரண்டு தரம் ஏற்றக் கூடாது.

இந்த வருசம் கல்லறைத் திருநாள் அன்று காலையிலேயே பூசை. அப்பாவின் குழிமேட்டில் புல் முளைத்திருக்கிறது, நான் பிடுங்கவில்லை. ஸ்டெல்லாவுக்கு உட்கார இடம் கிடைக்கிற பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். பூ வாங்க வேண்டாம், மெழுகுவர்த்தி வாங்க வேண்டாம், அப்பாவுக்கென்று ஒன்றும் எடுத்து வர வேண்டாம். வெறுங்கையோடு வா.

உன் அம்மா